போலந்து வந்தவர்களுக்கு: வால் போட்ட அந்த இரண்டு எழுத்துகள்

போலிஷ் வகுப்பில் ஏ (a), ஈ (e) என்ற ஆங்கில எழுத்துகளுக்குக் கீழே சின்ன வால் போட்டு, இரண்டும் மூக்கொலி உயிர் என்று சொல்லித் தருவார்கள். அதைக் கேட்டுவிட்டு பிரெஞ்சு பேசுவது மாதிரி எல்லா இடத்திலும் மூக்கால் இழுக்காதீர்கள். வால் வைத்த ஏ 'ஒ'வை ஒட்டியது, ஈ 'எ'வை ஒட்டியது. அடுத்து க, த, ப மாதிரி வல்லினம் வந்தால் நடுவில் வருவது அதற்கு இனமான மெல்லினம், அவ்வளவுதான்: பல் என்றால் ஸொம்ப், வெள்ளிக்கிழமை பியொந்தெக், ரயில் பொச்சொங்க்.

இனவெழுத்து நமக்குப் பழகியதுதான், ஆனால் மாட்டிக்கொள்வதும் அங்கேதான். சங்கு, பந்து, பாம்பு எதிலும் தொண்டை அதிர்வு நிற்பதில்லை, வல்லினம் தானாகக் குழைந்துவிடும். போலிஷில் க, த, ப வரும்போது அதிர்வு சட்டென்று நிற்க வேண்டும். பேச்சொலியைப் படமாகக் காட்டும் பிராட் (Praat) என்ற இலவச மென்பொருளில் போலந்துக்காரர்கள் குரலைப் போட்டுப் பார்த்தால் மெல்லினத்துக்கும் அடுத்த உயிருக்கும் நடுவே ஒரு வெற்றிடம் தெரியும், நம் குரலில் அந்த இடத்தின் அடியில் அதிர்வுக்கோடு ஓடிக்கொண்டே இருக்கும். கை என்பதற்கான ரெங்க்கா, நன்றி சொல்லும் ஜெங்க்குயெ, இரண்டிலும் 'பேங்க்' என்னும்போது வரும் க் வேண்டும், சங்கில் வரும் க வேண்டாம்.

சொல்லின் கடைசியில் வால் வைத்த ஈ வந்தால் சாதாரணப் பேச்சில் அது வெறும் எ. காபி கேட்கும் 'பொப்ரொஷெ கவெ'யை மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள், ஒலி மாறினால் தேவையில்லாத இடத்தில் மூக்கைப் போடுகிறீர்கள் என்று அர்த்தம்.

கடைசியில் வால் வைத்த ஏ வந்தால்தான் உண்மையான வேலை. கார்டில் கட்டுகிறேன் என்று சொல்ல 'ப்வாத்ஸெ கார்த்தொவ்', அந்த வ் மூக்கில் வர வேண்டும். உயிர் முழுக்க மூக்கில் ஓடுவதில்லை, முதலில் கிட்டத்தட்ட சுத்தமான ஒ, பிறகு உதடு குவியக் குவிய மூக்கு வழி திறக்கிறது. நாம் பேச்சில் 'பணம்' என்று சொல்லும்போது உதடு ஒட்டாமலே முடிகிறது இல்லையா, அங்கிருந்து தொடங்கி உதட்டைக் குவித்து முடியுங்கள். உதட்டை மூடி கார்த்தொம் என்றால் அது வேறு வேற்றுமை, 'கார்டுகளுக்கு' என்றாகிவிடும். நான் போகிறேன் 'இதெ', அவர்கள் போகிறார்கள் 'இதொவ்', வித்தியாசம் இந்த ஒரு ஒலியில்தான், அதனால் இதில் நேரம் செலவழியுங்கள்.

ஸ, ஷ ஒலிகளுக்கு முன்னாலும் (மொழி, இறைச்சி, கணவன் என்பதற்கான போலிஷ் சொற்களில்) இதே மூக்கு வ்தான், நாக்கைப் பல்லில் ஒட்டி ந் போடாதீர்கள். எல் எழுத்துக்கும் கோடு போட்ட எல்லுக்கும் முன்னால் மூக்கே கிடையாது.

பயிற்சிக்கு ரயில் நிலைய அறிவிப்பு நல்லது, பொச்சொங்க் அதில் திரும்பத் திரும்ப வரும். போனில் பதிவு செய்து, உடனே உங்கள் குரலையும் பதிந்து, கடைசி க் மட்டும் எப்படி விழுகிறது என்று கேளுங்கள்.