நான்கு முள்ளா, ஆறு முள்ளா?

அம்மாவுக்குக் கால் வீங்கியிருந்த நேரம். பனமரத்துப்பட்டி ஏரிப் பக்கம் போகிறேன் என்றதும், "நீர்முள்ளி கண்ணில் பட்டால் பிடுங்கிக்கொண்டு வாடா, கஷாயம் வைக்கலாம்" என்றார் அத்தை. மாசி மாதம். கரையோரம் தண்ணீர் வற்றி, மண்ணில் உவர் வெள்ளையாகப் பூத்திருந்தது. அங்கே ஒரு முட்புதர். நீரும் பக்கத்தில், முள்ளும் செடியில். வேறென்ன அடையாளம் வேண்டும்? கை முழுக்கக் கீறலோடு ஒரு கட்டு அறுத்து வந்தேன்.

அத்தை பார்த்ததும் சிரித்துவிட்டார். "இது சங்கஞ்செடி. கணுவில் முள்ளை எண்ணினாயா?" எண்ணினேன். நான்கு.

மறுவாரம் போனபோது நீர்முள்ளியே காத்திருந்தது, புதருக்கு இருபதடி கீழே, கால் புதையும் சேற்றில். இடுப்பளவு உயரம், கிளையில்லாத் தண்டு. விரலால் உருட்டினால் நான்கு பட்டை தட்டுகிறது. மேலே சொரசொரவென்று மயிர். கணுவுக்குக் கணு வளையம் கட்டியதுபோல் இலைகள், அவற்றின் இடுக்கில் மஞ்சளோடிய நீள முட்கள் ஆறு. அந்த முட்களுக்கு நடுவே உதடு பிரிந்த ஊதாப் பூக்கள். சுற்றிலும் புல்லை மொட்டையாக மேய்ந்திருந்த மாடுகள் இதைத் தொடவே இல்லை. (அம்மா கடைசியில் டாக்டரிடம்தான் போனார்.)

*

விதை வாங்குகிறவர்களுக்கு என் அனுபவம். நாட்டு மருந்துக் கடையில் ஒருமுறை வேறு எதையோ நீர்முள்ளி விதை என்று கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அசல் விதை எள் அளவில், தட்டையாக, பழுப்பாக இருக்கும். நான்கைந்தை வாயில் போட்டால் வழவழவென்று ஊறி மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நான் வாங்கியது கடைசிவரை மணல்போல் நறநறத்தது.

*

நீர்முள்ளி தேடிப் போன கதையைச் சொன்னவரே, சங்கஞ்செடியைத் தவறுதலாக வந்த செடியாகவே பேசுகிறீர்கள்! முட்சங்கு, இசங்கு என்றும் அதற்குப் பெயர் உண்டு. அறிவியல் பெயரின் பின்பாதியான 'டெட்ராகாந்தா' என்பதே நான்கு முள் என்றுதான் பொருள்படும். பல் துலக்கும் உகா மரத்தின் குடும்பம். உவர் மண் அதற்குப் பழகிய மண். விறைத்த இலையின் நுனிகூடக் குத்தும். பூ சிறியது, பச்சை கலந்த வெளுப்பு. கிட்டப் போனால்தான் தெரியும். வெள்ளை வெளேரென்ற பழத்தை ஆட்டையாம்பட்டியில் பள்ளிவிட்டு வரும் வழியில் பறித்துத் தின்றிருக்கிறோம். ஆண் செடி, பெண் செடி தனித்தனி. எங்கள் வேலியில் நிற்பது ஆண். இருபது வருடமாக ஒரு பழம் இல்லை. அப்பா இன்னும் மண்ணைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார்.