அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தமிழ்த் தம்பதி இந்தியாவிலிருந்து குழந்தையைத் தத்தெடுக்க எங்கே தொடங்குவது?

கேள்வி (டாலஸிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் 2019ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியுரிமை பெற்றோம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா வழங்கும் ஓசிஐ அட்டை இருவரிடமும் இருக்கிறது. அவருக்கு வயது 45, எனக்கு 43. திருமணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன, குழந்தை இல்லை. தமிழ்நாட்டிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்க விரும்புகிறோம்.

சென்ற வாரம் என் அத்தைக்குத் தெரிந்த செவிலியர் ஒருவர், ஒரு தனியார் மருத்துவமனையில் பிறந்து ஒன்பது நாளே ஆன பெண் குழந்தையின் படத்தை வாட்ஸாப்பில் அனுப்பினார். மஞ்சள் துண்டில் சுற்றியிருந்த அந்த முகத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை. தாயின் மருத்துவச் செலவுக்கென்று நான்கு லட்சம் ரூபாய் கொடுத்துவிட்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் தத்துப் பத்திரம் பதிவு செய்தால் போதும், பாஸ்போர்ட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். இப்படிச் செய்யலாமா? செய்யக்கூடாது என்றால் முதல் அடியை எங்கே வைப்பது?

பதில் 1 (சியாட்டிலிலிருந்து)

சகோதரி, தயவுசெய்து பணம் எதுவும் அனுப்பாதீர்கள். நாங்களும் உங்களைப் போல ஓசிஐ தம்பதிதான். முறைப்படி ஒரு மகனை அழைத்து வந்தவர்கள் என்ற முறையில் எழுதுகிறேன்.

சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிவு செய்வார், அவ்வளவுதான். அந்தப் பதிவு குழந்தைக்கு விசாவைப் பெற்றுத் தராது. இந்தியாவும் அமெரிக்காவும் 1993ஆம் ஆண்டின் ஹேக் தத்தெடுப்பு ஒப்பந்தத்தை ஏற்ற நாடுகள். ஆகவே, அமெரிக்காவில் வசிக்கும் குடிமக்கள் இந்தியக் குழந்தையைத் தத்தெடுக்க வேண்டுமானால், புது தில்லியிலுள்ள மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையமான 'காரா'வின் தடையின்மைச் சான்றும், பின்னர் ஒப்பந்தத்துக்கு இணங்க நடந்தது என்ற இணக்கச் சான்றும் தேவை. இவை இல்லாமல் பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு சென்றால் குழந்தை அங்கேயும் நீங்கள் இங்கேயுமாக நிற்க நேரும்.

எங்கள் அனுபவத்தில் எந்தக் காகிதம் வேண்டும் என்பதைவிட, எது எதற்கு முன்னால் வர வேண்டும் என்பதே பெரிய விஷயம். காராவின் அங்கீகாரம் பெற்ற அமெரிக்கத் தத்தெடுப்பு முகமை ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே முதல் அடி. நீங்களே நேரடியாகப் பதிவு செய்துகொள்ள முடியாது. அம்முகமை மூலம் இல்ல ஆய்வு, அதாவது உங்கள் வீட்டையும் குடும்பச் சூழலையும் பார்த்து அறிக்கை எழுதுவது, நடக்கும். அந்த அறிக்கையுடன் அமெரிக்கக் குடியேற்றத் துறையில் ஐ-800ஏ படிவத்தை அளித்து, பெற்றோராகத் தகுதியுடையவர்கள் என்ற ஒப்புதலைப் பெற வேண்டும். காராவின் இணையத் தளத்தில் முகமை உங்களைப் பதிவு செய்து, முறை வந்து ஒரு குழந்தையை நீங்கள் ஏற்ற பிறகுதான் அந்தக் குழந்தைக்கான ஐ-800 படிவம். அதற்குத் தற்காலிக ஒப்புதல் கிடைத்து, அமெரிக்கத் தூதரகத்தின் கடிதமும் காராவின் தடையின்மைச் சான்றும் வந்த பிறகே தத்தெடுப்பு ஆணை வர வேண்டும். தத்தெடுத்துவிட்டு ஐ-800 போடுவது தலைகீழான வழி. ஐ-800ஏ ஒப்புதல் 15 மாதங்களுக்கே செல்லும். காத்திருப்பு அதைவிட நீளும் என்பதால், காலாவதியாகும் முன் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க நாள்காட்டியில் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். நாங்கள் குறிக்காமல் விட்டு அல்லாடினோம்.

குழந்தையின் விவரம் வந்ததும் 96 மணி நேரத்துக்குள் அந்தக் குழந்தையை உங்களுக்கென்று முன்பதிவு செய்ய வேண்டும். எங்களுக்கு அது ஒரு வெள்ளிக்கிழமை இரவில் வந்தது. மருத்துவ அறிக்கையில் நான்கு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகளிலும் தலைச் சுற்றளவு 46 செ.மீ. என்றே இருந்ததைக் கண்ட எங்கள் குழந்தை மருத்துவர் மீண்டும் அளக்கச் சொன்னார். குழந்தை இருந்த காப்பகத்தில் நாடாவை வைத்து அளந்து வேறு எண்ணை அனுப்பினார்கள். முன்பதிவுக்குப் பின் ஏற்பதற்கு 30 நாள் அவகாசம் உண்டு. அந்த நாள்களை இப்படிக் கேள்வி கேட்பதற்குப் பயன்படுத்துங்கள்.

பதில் 2 (சென்னையிலிருந்து)

முன்னவர் எழுதியதோடு இந்தியச் சட்டத்தின் பக்கத்தைச் சேர்க்கிறேன். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தையைப் பணத்துக்குக் கைமாற்றுவது குற்றம். மருத்துவமனை ஊழியர் அதைச் செய்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை. அந்தத் தாய்க்கு உண்மையாகவே வளர்க்க இயலாத நிலை என்றால், அவர் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற அவருக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. செவிலியரின் அவசரத்தில் பறிபோவது அந்த இரண்டு மாதம்தான். அப்படி ஒப்படைத்தாலும் அதே குழந்தை உங்களுக்கு வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது வயதுக் கணக்கு. 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைப்படி இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது 85ஐத் தாண்டக்கூடாது. இரண்டு முதல் நான்கு வயதுக்கு 90, நான்கு முதல் எட்டு வயதுக்கு 100. உங்கள் கூட்டு வயது 88. எனவே கைக்குழந்தை என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுவது நல்லது. மேலும், தத்துக் கொடுக்கச் சட்டப்படி தடையில்லை என்று அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் இந்தியாவிலுள்ளோரிடமோ இந்தியக் குடியுரிமையுடன் வெளிநாட்டில் வாழ்வோரிடமோ சேராத குழந்தைகளே பன்னாட்டுத் தத்தெடுப்புக்கு வருவார்கள். அவர்களில் ஓசிஐ அட்டைதாரர்களுக்கு முன்னுரிமை உண்டு. ஐந்து வயதைக் கடந்தவர்கள், உடன்பிறந்தோர், மாற்றுத்திறன் குழந்தைகள் ஆகியோரைப் பற்றி இருவரும் பேசி முடிவெடுத்த பின் முகமையிடம் செல்லுங்கள். இறுதி ஆணையை நீதிமன்றம் வழங்கியது பழைய நடைமுறை. 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அத்தையிடம் பேசி, அந்தத் தாய்க்குக் குழந்தைகள் நலக் குழுவைப் பற்றிச் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். செவிலியரின் எண்ணைத் தடுத்துவிட்டேன். நேற்றிரவு நாங்கள் முதன்முறையாக நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தையைப் பற்றிப் பேசினோம். என் கணவருக்குத் தயக்கம் இருக்கிறது, எனக்கும்தான். செவ்வாய்க்கிழமை ஒரு முகமையுடன் பேச நேரம் வாங்கியிருக்கிறோம். சிறு சந்தேகம்: என் பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் முன்னெழுத்தாக மட்டும் இருக்கிறது, அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் அதே பெயர் விரிந்து குடும்பப் பெயராக நிற்கிறது. இது தடையாகுமா?

பதில் 1 (சியாட்டிலிலிருந்து)

தமிழர்களில் பாதிப்பேருக்கு இந்தத் தொல்லை உண்டு, எனக்கும் இருந்தது. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டு, வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அப்போஸ்டில் முத்திரை தேவையா என்று முகமையிடம் கேட்டு, மற்ற ஆவணங்களுடன் சேர்த்து அனுப்புங்கள். திருமணச் சான்றிதழிலும் பெயர் எப்படி இருக்கிறது என்பதைச் செவ்வாய்க்கிழமைக்கு முன் பார்த்துவிடுங்கள். எங்களுக்குச் சிக்கல் வந்தது அங்கேதான்.