லூமுட் மரினாவில் சின்ன போட்டை மேடையோடு கட்டுவது எப்படி? நீரோட்டம் மூக்கைத் திருப்பிவிடுகிறது

ஆயர் தாவார் தம்பி:

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். நானும் மச்சானும் சேர்ந்து போன மாதம் ஒரு பழைய ஃபைபர் போட் வாங்கினோம். 18 அடி, பின்னால் மாட்டிய 40 குதிரைச் சக்தி அவுட்போர்டு எஞ்சின். இரண்டு பேருக்கும் செம்பனை ஆலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கடல்.

பங்கோர் தீவுப் பக்கம் போய்த் தூண்டில் போடுவதெல்லாம் பிரச்சினையில்லை. திரும்பி வந்து மரினாவில் கட்டுவதுதான் பெரும்பாடாக இருக்கிறது. முதல் வாரம் நியூட்ரலில் விட்டு மெதுவாக வந்தேன். ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பியும் போட் திரும்பவில்லை. நீர் இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்துப் போட்டின் மேல் சாய்த்தது, மச்சான் காலை நீட்டித் தடுத்தார். அடுத்த வாரம் கொஞ்சம் வேகமாக வந்தேன். மிதவை மேடையின் ஓரத்தில் இடித்து, முன்பக்கம் ஒரு கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்துவிட்டது.

இன்னொன்று. அடுத்த மாதம் பாகான் டத்தோவில் உறவினர் வீட்டுக்குப் போகிறோம். அங்கே ஒரு சிமெண்ட் ஜெட்டியில் ஓர் இரவு கட்ட வேண்டும். ஹார்ட்வேர் கடையில் பச்சை பிளாஸ்டிக் கயிறு ஒரு சுருள் வாங்கி வைத்திருக்கிறேன். அது போதுமா?

சித்தியவான் வாசகர்:

தம்பி, அவுட்போர்டுக்குத் தனியாகச் சுக்கான் கிடையாது. எஞ்சினின் காற்றாடி (புரொப்பெல்லர்) சுற்றினால்தான் போட் திரும்பும். நியூட்ரலில் ஸ்டியரிங்கைத் திருப்பி ஒரு பயனும் இல்லை. ஒரு நொடி கியர், பிறகு நியூட்ரல், மறுபடி ஒரு நொடி கியர், அப்படித் தட்டித் தட்டி வாருங்கள். ஆள் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் சுருள் கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ மாட்டிக்கொள்ளுங்கள்.

பழைய லோரி டிரைவர்:

தம்பி, நான் முப்பது வருஷம் தோட்டத்தில் செம்பனைக் குலை லோரி ஓட்டியவன். மேடு பள்ளத்தில் லோரியை ரிவர்ஸ் எடுத்துப் பழகிய கைக்குக்கூடப் போட் முதலில் அடங்கவில்லை. லோரி நிற்கும் தரை நகராது, போட்டுக்கு அடியில் தரையே நகர்ந்துகொண்டிருக்கிறது. அதை மனசு ஏற்றுக்கொள்ளவே எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

உங்கள் இரண்டு வாரக் கதையையும் படித்தேன். நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நீங்கள் எங்கேயும் எழுதவில்லை. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மரினாவுக்குள் நுழையும் முன் வெளியிலேயே நின்று பாருங்கள். தூண்களில் நீர் எந்தப் பக்கம் நுரைத்துப் பிரிகிறது, கட்டியிருக்கும் போட்டுகளின் கயிறு எந்தப் பக்கம் விறைத்திருக்கிறது என்று கவனியுங்கள். டிண்டிங் ஆற்றுமுகத்தில் நீர் ஏறும்போது உள்ளே இழுக்கும், வற்றும்போது வெளியே இழுக்கும். மூக்கு நீருக்கு எதிராக இருக்கும்படி அணுகுங்கள். அப்போது தரையிலிருந்து பார்த்தால் போட் ஏறக்குறைய நின்றாலும் எஞ்சின் மெதுவாகத் தள்ளிக்கொண்டிருக்கும், ஸ்டியரிங்குக்கு உயிர் இருக்கும். நீர் பின்னாலிருந்து தள்ள வந்தால் யார் கையிலும் போட் நிற்காது. நீரோட்டத்தைவிடக் காற்று பலமாக இருக்கும் நாளில் காற்றுக்கு எதிராக வாருங்கள்.

இருபது முப்பது டிகிரி சாய்வாக மேடையை நோக்கி வந்து, ஒரு போட் நீளம் இருக்கும்போது நியூட்ரல். மூக்கு தொடப்போகும் சமயம் ஸ்டியரிங்கை மேடைப் பக்கமே முழுக்கத் திருப்பி, லேசாக ரிவர்ஸ். பின்பக்கம் தானாக மேடையோடு வந்து சேரும். இடதுபக்கம் மேடை இருக்கும்படி வந்தால் இன்னும் சுலபம். வலஞ்சுழிக் காற்றாடி (முன்னால் போகும்போது வலப்பக்கமாகச் சுற்றுவது) ரிவர்ஸில் பின்பக்கத்தை இடப்பக்கம் கொஞ்சம் உதைக்கும்.

முதலில் கட்ட வேண்டியது நடுக்கயிறு. போட்டின் நடுவில் ஒரு கிளீட் (கயிறு சுற்றும் இரட்டைக் கொம்பு) இல்லையென்றால் இந்த வாரமே போடுங்கள், உள்பக்கம் தகடு வைத்து போல்ட் முடுக்க வேண்டும், வெறும் ஸ்குரூ பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். நடுக்கயிறு ஒன்று மாட்டிவிட்டால் போட் எங்கும் ஓடாது, மற்றதை நிதானமாகக் கட்டலாம். முன்கயிறு, பின்கயிறு, அதன்பிறகு குறுக்குக் கயிறு இரண்டு: முன்னாலிருந்து மேடையின் நடுவுக்கு ஒன்று, பின்னாலிருந்து மேடையின் நடுவுக்கு ஒன்று. பங்கோர் ஃபெர்ரி எழுப்பும் அலையில் போட் முன்னும் பின்னும் அடித்துக்கொள்ளாமல் பிடிப்பது இந்தக் குறுக்குக் கயிறுகள்தான். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்காது.

கிளீட்டில் சுற்றும்போது கயிறு வரும் திசைக்கு எதிர்க் கொம்பில் முதல் சுற்று. அடியில் ஒரு முழுச் சுற்று, மேலே எட்டு வடிவம் ஒன்று, கடைசியில் ஒரு மடக்குப் பூட்டு (கயிற்றை முறுக்கி மடக்கிக் கொம்பில் மாட்டுவது). அவ்வளவுதான். ஏழெட்டுச் சுற்று சுற்றினால் புயலில் அவிழ்க்க விரல் பத்தாது.

அந்தப் பச்சைக் கயிறு வேண்டாம். மிதக்கும், காற்றாடியில் சிக்கும், வெயிலில் நார் நாராக உதிரும், வழுக்கும், முடிச்சு நிற்காது. நைலான் கயிறு 12 மில்லி வாங்குங்கள். இழுத்தால் நீண்டு கொடுக்கும், கிளீட்டுக்கு அடி விழாது. மேடை ஓரத்தில் உரசும் இடத்தில் பழைய தண்ணீர் ஹோஸை ஒரு முழம் வெட்டி மாட்டுங்கள்.

பாகான் டத்தோ விஷயத்துக்கு வருகிறேன், இதுதான் எனக்குப் பெரிய கவலை. மரினாவில் இருப்பது மிதவை மேடை, நீரோடு ஏறி இறங்கும், கயிறு குட்டையாக இருக்கலாம். சிமெண்ட் ஜெட்டி நகராது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி லூமுட்டில் நீர் ஏறக்குறைய இரண்டு மீட்டர் ஏறி இறங்கும். தெற்கே போகப் போக இன்னும் அதிகம், கிள்ளான் துறைமுகத்தில் நான்கு மீட்டரைத் தாண்டும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஆறு மணி நேரம்தான்.

இரண்டாம் வருஷம் ஓர் அமாவாசை. நீர் நிறைந்திருந்த நேரம் சிமெண்ட் ஜெட்டியில் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டுத் தூங்கப் போனேன். வைகறையில் வந்து பார்க்கிறேன், முன்பக்கம் கயிற்றில் தொங்குகிறது, பின்பக்கம் தண்ணீரில், பெட்ரோல் தொட்டி சரிந்து எஞ்சின் மேல் முட்டிக்கொண்டிருக்கிறது. கயிறு கம்பிபோல முறுகியிருந்தது, முடிச்சை அவிழ்க்கவே முடியவில்லை. வெட்டினேன். முன் கிளீட் பாதி பிடுங்கியிருந்தது, அதைச் சுற்றி ஃபைபர் வெள்ளையாக வெடித்திருந்தது. அந்த வெள்ளைக் கோடு இன்றும் என் போட்டில் இருக்கிறது.

ஆகவே ஜெட்டியில் முன்கயிறும் பின்கயிறும் நீர் ஏறி இறங்கும் அளவில் மூன்று மடங்காவது இருக்கட்டும். தூரத்துத் தூணில் கட்டுங்கள். அன்றைய நீரேற்ற அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். ஏற்றம் நாளுக்கு நாள் ஐம்பது நிமிஷம்போலத் தள்ளிப்போகும். நடுவில் ஒரு தடவை எழுந்து போய்ப் பாருங்கள். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியும் முன் சுமத்ரா காற்று (திடீர்ப் புயற்காற்று) வந்து விழும், அதையும் கணக்கில் வையுங்கள்.

லூமுட் அக்கா:

அண்ணன் சொன்னது எல்லாம் சரி. நான் கயிறு பிடிப்பவள், என் வீட்டுக்காரர் ஓட்டுவார். மச்சானிடம் ஒன்று சொல்லுங்கள் தம்பி: இனிமேல் கால் நீட்டித் தடுக்கக் கூடாது. 18 அடி போட், எஞ்சின், பெட்ரோல், ஆள் எல்லாம் சேர்ந்த எடைக்கு எலும்பு தாங்காது. போட் இடித்தால் பூச்சுதான் போகும். குதிக்கவும் வேண்டாம், மேடை பாசி பிடித்து வழுக்கும். போட் நின்ற பிறகு ஒரு எட்டு வைத்து இறங்கட்டும்.

கயிறும் ஃபெண்டரும் (இடி தாங்கும் மெத்தைப் பந்து) வெளியிலேயே தயாராக இருக்க வேண்டும். ஃபெண்டரை மேடை உயரத்துக்குத் தொங்கவிடுங்கள். எந்தப் பக்கம் கட்டப் போகிறோம் என்று ஓட்டுபவர் முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அதற்குத்தான் சண்டையே வரும்.

ஆயர் தாவார் தம்பி:

அண்ணே, அக்கா, நன்றி. இன்று காலை வெளியில் பத்து நிமிஷம் நின்று பார்த்தோம். நீர் வற்றிக்கொண்டிருந்தது, எல்லாக் கயிறும் ஒரே பக்கம் விறைத்திருந்தது. சுற்றிப் போய் எதிர்த்து வந்தேன். முதல் தடவை தூரமாகிவிட்டது, விட்டுவிட்டு மறுபடி வந்தேன். இரண்டாவது தடவை மேடையைத் தொட்ட சத்தம்கூடக் கேட்கவில்லை. மச்சான் நடந்து இறங்கினார். நைலான் கயிறு நாளை வாங்குகிறோம். நடு கிளீட்டுக்கு எத்தனை மில்லி போல்ட் அண்ணே?

பழைய லோரி டிரைவர்:

8 மில்லி, துருப்பிடிக்காத எஃகு. கிளீட்டின் துளைக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். துளையில் சிலிகான் பூசிவிட்டு முடுக்குங்கள், தண்ணீர் இறங்காது. விட்டுவிட்டு மறுபடி வந்தீர்களே, அது ரொம்பச் சரி.