மாஸ்கோல மஸ்டாங் ஜிடி, பின் பிரேக் பிடிச்சுக்குது

கேள்வி:
நண்பர்களே, 2016 ஃபோர்டு மஸ்டாங் ஜிடி கார், அமெரிக்காலேர்ந்து இறக்கின வண்டி. பனி உருக ரோட்ல கொட்டுற உப்புல பின் காலிப்பர் (பிரேக் பேட டிஸ்க்ல அழுத்துற பாகம்) இறுகி வீல் கொதிக்குது, பார்ட்ஸ் எப்படி வாங்குறீங்க? விக்க மனசே வரல.

பதில் 1:
மொதல்ல ஓட்டுறத நிறுத்துங்க பாஸ், டிஸ்க் போயிடும். காலிப்பர் நகர்ற ஸ்லைடு பின் (pin, சின்ன கம்பி) மட்டும் துருப்பிடிச்சிருந்தா கழட்டி சுத்தம் பண்ணி பிரேக் கிரீஸ் போட்டா போதும், பேட தள்ளுற பிஸ்டனே இறுகிருந்தா ரிப்பேர் கிட் வேணும். ஒண்ணு, பின் வீல் பிஸ்டன நேரா அழுத்தாதீங்க, ஹேண்ட் பிரேக் அதுலதான் இருக்கு, திருகித்தான் உள்ள தள்ளணும். பார்ட்ஸ வின் நம்பர் (வண்டியோட அடையாள எண்) குடுத்தே ஆர்டர் பண்ணுங்க, 2022க்கு அப்புறம் பேரலல் இம்போர்ட்தான் (கம்பெனி அனுமதி இல்லாம வேற நாடு வழியா இறக்குறது), துபாய் வழியா வரும், லேட்டாகும்.

பதில் 2:
குளிர்காலத்துல கராஜ்ல போட்டுருங்க. 435 குதிரைத்திறனுக்கு 150 ரூபிள் வீதம் வருஷம் 65,250 வரி கட்டுறோம், அந்த வி8 சத்தத்துக்குத்தானே!