மேடையில் வெங்காயம் தின்ற பொடியன்: செட்டப்பா, வசியமா?

கொழுந்துமடுவம்:
போன சனிக்கிழமை பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவில், மனதைப் படிப்பேன், ஹிப்னாடிசம் செய்வேன் என்று வந்த ஒரு மெண்டலிஸ்டின் நிகழ்ச்சி. ஹட்டனில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம், அப்புறம் ஒரு மைல் நடை. அந்தப் பனியிலும் சரியான கூட்டம். ஏழு பேரை மேடையில் உட்கார வைத்து ‘தூங்குங்கள்’ என்றார், தலை தொங்கிவிட்டது. எங்கள் லயத்து வரிசைவீட்டுப் பொடியனிடம் ஒரு பச்சை வெங்காயத்தைக் கொடுத்து ‘ஆப்பிள்’ என்றார். அவனும் நறுக்கென்று கடித்துத் தின்றான். கண்ணில் தண்ணீர் ஓடுகிறது, வாய் சிரிக்கிறது. என்னைக் கேட்டால் எல்லாம் முன்கூட்டியே காசு பேசி வைத்த செட்டப். மறுக்கிறவர்கள் வாருங்கள்.

பீலிக்கரை:
அண்ணே, நானும் அங்கேதான் இருந்தேன். செட்டப் என்றால் முன்வரிசையில் இருந்த அக்காவுக்கு என்ன பதில்? ‘தூரத்தில் இருக்கும் ஒருவரை நினைத்து ராத்திரியில் தூக்கம் வருவதில்லை உங்களுக்கு’ என்றார். அந்த அக்கா தேம்பித் தேம்பி அழுதார். அவருக்கு யார் காசு கொடுத்தது? அந்த ஆளிடம் ஏதோ இருக்கிறது. எங்கள் தாத்தா காலத்தில் குறி சொன்ன கோடாங்கிகளிடம் இருந்த அதே வசியம்.

கொழுந்துமடுவம்:
தம்பி, கொழும்புக் கடையிலோ துபாய் வீட்டிலோ வேலைக்குப் போன ஒருவர் இல்லாத லயம் ஒன்றைக் காட்டு, நான் ஒத்துக்கொள்கிறேன். இதைச் சொல்ல வசியம் எதற்கு?

பழைய மாஸ்டர்:
இந்த ஒன்றில் கொழுந்துமடுவம் சொல்வது சரி. 1948இல் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் ஆசிரியர் 39 மாணவர்களுக்கு ஒரு பரீட்சை வைத்து, ‘இது உன்னுடைய குணம்’ என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எத்தனை பொருந்துகிறது என்று 5க்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26. அப்புறம்தான் தெரிந்தது, எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள்!

ஆனால் ‘செட்டப்’ என்பதை நான் ஏற்கமாட்டேன். ஒரு சின்ன விளையாட்டு. 10க்கும் 50க்கும் இடையில் ஓர் எண்ணை நினையுங்கள். இரண்டு இலக்கமும் ஒற்றைப்படை, 15 மாதிரி இரண்டும் வேறு வேறாக இருக்கவேண்டும். நினைத்ததை இங்கே போடுங்கள்.

பீலிக்கரை:
37.

ரதிமதன்:
37 மாஸ்டர்.

கொழுந்துமடுவம்:
17. என்னிடம் செல்லாது.

பழைய மாஸ்டர்:
நாற்பது எண் இருப்பதுபோல் தோன்றும். என் நிபந்தனைக்குள் வருவதோ எட்டுத்தான். 15ஐ நானே சொல்லிவிட்டதால் அதை விடுவீர்கள். அதோடு 1இல் தொடங்கும் மற்ற எண்களும் பலருக்குக் கசந்துவிடும். மிச்சத்தில் பெரும்பாலும் 37, இல்லையென்றால் 35. இருவர் மாட்டினீர்கள், ஒருவர் தப்பினார். மேடையில் என்றால் தப்பியவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள், கூட்டத்துக்கு அது ஞாபகத்திலும் இருக்காது. இதில் நான் யாருக்குக் காசு கொடுத்தேன்?

பீலிக்கரை:
சரி மாஸ்டர், எண் வேறு, வெங்காயம் வேறு. ஓர் ஆளை அப்படியே மரக்கட்டை மாதிரி ஆக்குவதற்குச் சக்தி வேண்டாமா?

பழைய மாஸ்டர்:
சக்தி யாருடையது என்பதுதானே கேள்வி. 1784இல் பாரிஸில் இதே சண்டை நடந்தது. மெஸ்மர் என்ற வைத்தியர், தன்னிடம் ஒரு காந்தசக்தி இருக்கிறது, அதை மரத்துக்குள்கூட ஏற்றலாம் என்றார். அரசர் விசாரணைக் குழு போட்டார். அமெரிக்க விஞ்ஞானி பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் அதில் இருந்தார். அவருடைய தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் ‘சக்தி’ ஏற்றச் செய்து, 12 வயதுப் பையனைக் கண்ணைக் கட்டி வேறு நான்கு மரங்களிடம் கூட்டிப்போனார்கள். நான்காவதில் பையன் மயங்கி விழுந்தான். சக்தி ஏற்றாத மரம் அது! விழுந்தது நடிப்பும் இல்லை, மரத்திலும் ஒன்றும் இல்லை.

நம் இலங்கையிலேயே பகுத்தறிவாளர் டாக்டர் கோவூர் 1963இல் அற்புதம் செய்கிறவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் சவால் விட்டார். ஒருவரும் வாங்கவில்லை. அதே கோவூர் நோயாளிகளுக்கு ஹிப்னாடிசம் செய்தவர். அதை அற்புதம் என்றும் சொல்லவில்லை, பொய் என்றும் தள்ளவில்லை.

ரதிமதன்:
பொன்னர் சங்கர் கூத்தில் படுகளக் காட்சியின்போது மயங்கி விழுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். தப்பு மேளச் சத்தம் ஏற ஏற, கூட்டம் எதிர்பார்க்க எதிர்பார்க்கத்தான் ஆள் விழும். வெறும் முற்றத்தில் எந்த மனிசரும் விழுந்து நான் பார்த்ததில்லை. அதனால் மாஸ்டர் சொல்வது புரிகிறது. என் கோபம் வேறு. கூத்தில் விழுந்தவருக்கு விபூதி பூசி, தண்ணீர் தெளித்து, மரியாதையாக எழுப்புவார்கள். இங்கே அந்தப் பொடியனை வைத்துச் சிரித்தார்கள். அவனுக்கு வயது 17. பிரிட்டனில் 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி, 18 ஆகாதவர்களை இப்படி மேடையேற்றவே முடியாது. இங்கே வயதை யார் கேட்டார்கள்? திங்கட்கிழமை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் அவன் அம்மாவிடம் ‘ஆப்பிள் என்ன விலை?’ என்று கேட்டிருக்கிறார்கள்.

வெங்காயம்:
அந்தப் பொடியன் நான்தான். வாசித்துக்கொண்டே இருந்தேன்.

முதலில் எல்லோரையும் விரல் கோத்துப் பிடிக்கச் சொன்னார், ‘பசை ஒட்டிவிட்டது, பிரிக்க முடியாது’ என்றார். பிரிக்கத் திணறிய முப்பது பேர் வரை மேடைக்குப் போனோம். ஒவ்வொருவரிடமும் என்னவோ செய்து பார்த்து, சிரித்தவர்களை இறக்கிவிட்டார். மிஞ்சியது ஏழு. நான் தூங்கவில்லை மாஸ்டர். எல்லாம் கேட்டது, பின்னால் ஜெனரேட்டர் சத்தம்கூட. கண்ணைத் திறக்கலாம் என்றும் தெரியும். ஆனால் திறக்கத் தோன்றவில்லை. திறந்தால் நிகழ்ச்சியை நான் கெடுத்துவிடுவேன் போல ஒரு நினைப்பு.

பீலிக்கரை:
வெங்காயம் எப்படி இருந்தது தம்பி, ஆப்பிள் மாதிரியா?

வெங்காயம்:
வெங்காயம் மாதிரித்தான். காரம் மட்டும் பிந்தித்தான் ஏறியது. வீட்டுக்கு நடக்கும்போது வயிறு எரிந்தது.

கொழுந்துமடுவம்:
அப்போ திறக்கலாம் என்று தெரிந்தே மூடியிருந்தாய். அதைத்தான் நான் நடிப்பு என்கிறேன்.

பழைய மாஸ்டர்:
பேய்க்கதை கேட்டுவிட்டு ராத்திரியில் வெளியே போகப் பயப்படுகிறவன் நடிக்கிறானா?

கொழுந்துமடுவம்:
கதையை மாற்றாதீர்கள் மாஸ்டர். தம்பி, உண்மையைச் சொல், எவ்வளவு கொடுத்தார்கள்?

வெங்காயம்:
அண்ணே, கோயில் கமிட்டி ஒரு பிளேன்டீகூடத் தரவில்லை.