புதுப்பிப்பு: பூச்சி மாத்திரை கொடுத்தும் பொண்ணு சோர்ந்தே கிடந்த விஷயம்

மூணு மாசம் முன்னாடி புலம்பியிருந்தேன்: ஏழு வயசுப் பொண்ணுக்குப் பள்ளியில பூச்சி மாத்திரை கொடுத்தும் முகம் வெளுத்தே இருக்கு, நாலு படி ஏறினா மூச்சு வாங்குதுன்னு. 'இனிப்பைக் குறைங்க'ன்னு பாதிப் பேர் சொன்னீங்க. இனிப்பால புழு வராதுங்க.

மலப் பரிசோதனையில கொக்கிப்புழு முட்டை. ஹீமோகுளோபின் 8.2, அதாவது ரத்தச்சோகை. மலத்தோட ஈர மண்ணுல விழுற முட்டையிலிருந்து வர்ற இளம்புழு வெறுங்காலைத் துளைச்சு ரத்தத்துல கலந்து, நுரையீரல் போய், தொண்டைக்கு ஏறி, திரும்ப விழுங்கப்பட்டு, கடைசியில குடல் சுவரைக் கவ்வி ரத்தம் குடிக்குமாம். அப்பதான் உறைச்சுது: கால் விரலிடுக்குல சிவப்புச் சிவப்பா அரிச்சப்போ சேத்துப்புண்ணுன்னு நினைச்சு களிம்பு தடவினவ நான்தான்!

பள்ளி மாத்திரை? கன்னத்துல ஒதுக்கி வச்சிருந்து துப்பிட்டாளாம். இந்தத் தடவை டாக்டர் எழுதின அல்பெண்டசோல் 400 மில்லிகிராமை என் கண்ணெதிரேயே மென்னு முழுங்கினா. கூடவே இரும்புச்சத்து டானிக். புழு செத்தாலும் போன ரத்தம் உடனே ஊறிடாதே. இப்போ ஹீமோகுளோபின் 11.

ஆனா மாத்திரை உள்ளே இருக்கிற புழுவைத்தான் கொல்லும், மறுபடி தொத்தாம தடுக்காது. எங்க வீட்ல கழிப்பறை இருந்து என்ன, பிள்ளைங்க விளையாடுற புதரோரம்தான் இன்னும் சிலருக்குக் கழிப்பிடம். அதைப் பேசப் போய் ரெண்டு பேர் என்கிட்ட முகம் கொடுக்கிறதில்லை.

செருப்புப் போட்டுட்டுப் போன்னு அவகூட நடக்கிற சண்டையும் ஓயலை. நேத்து ஒத்தைச் செருப்போட வந்து நிக்கிறா.