பாக்கிட்டோ டிரிவேராவை நேரில் கேட்ட இரவு

நியூயார்க்கில் வேலை பார்த்த காலத்தில் கியூப ஜாஸ் கலைஞர் பாக்கிட்டோ டிரிவேராவை ஒருமுறை நேரில் கேட்டேன். சின்ன கிளப். மேடைக்கும் என் மேசைக்கும் நடுவே நாலடிகூட இருக்காது. ஆல்டோ சாக்ஸஃபோனில் தொடங்கினார். அவ்வளவு வேகத்திலும் ஒவ்வொரு ஸ்வரமும் சுத்தமாக விழுந்தது. எனக்குத்தான் பாட்டு எங்கே போகிறதென்று பிடிபடவில்லை.

பக்கத்தில் இருந்த பெரியவர் மேசை விளிம்பில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். மூன்று தட்டு, அப்புறம் இரண்டு. அதுதான் கிளாவே என்கிற தாளக்கட்டு, கியூப நடன இசையின் முதுகெலும்பு. நானும் கூடவே தட்டிப் பார்த்தேன். சாக்ஸ் எங்கெங்கோ சுற்றினாலும் அந்த ஐந்து தட்டை விட்டு நழுவவே இல்லை. பிறகு டிரிவேரா கிளாரினெட்டை எடுத்து மெதுவாக வாசித்தார். சாவிகள் மூடித் திறக்கும் சத்தமும் அவர் மூச்சு இழுப்பதும்கூடக் கேட்டன.

வீட்டுக்கு வந்ததும் அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 1948-ல் ஹவானாவில் பிறந்தவர். அப்பா டிட்டோ சாக்ஸஃபோன் கலைஞர், இசைக்கருவிகளும் விற்றவர். ஐந்து வயது மகனுக்கு வளைந்த சின்ன சோப்ரானோ சாக்ஸைக் கொடுத்துப் பழக்கியிருக்கிறார். அமெரிக்க ஜாஸ் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மன் 1938-ல் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் வாசித்த ரெக்கார்டை அப்பா போட்டுக் காட்ட, ‘கார்னகி ஹால்’ என்ற பெயர் பையன் காதில் ஸ்பானிஷில் ‘கார்னே இ ஃப்ரிஹோல்’ என்று விழுந்ததாம். கறியும் பீன்ஸும்! அவரே சொன்ன கதை இது. அதே ஹாலில் பின்னாளில் அவரும் வாசித்தார்.

1973-ல் கியூப பியானோ கலைஞர் சூச்சோ வால்டெஸ் போன்றவர்களோடு இராகெரே என்ற இசைக்குழுவைத் தொடங்கினார். எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் பக்கத்திலேயே மேற்கு ஆப்பிரிக்க யொருபா மக்களின் வழிபாட்டில் வரும் பட்டா முரசுகள். அந்தக் குழு கிராமி விருதும் வாங்கியது. அப்புறம் ஸ்பெயினுக்குக் கச்சேரிக்குப் போன இடத்தில், மாட்ரிட் அமெரிக்கத் தூதரகத்தில் அடைக்கலம் கேட்டார். மனைவியும் மகனும் கியூபாவிலேயே இருந்தார்கள். மகனைப் பார்க்கப் பல வருடங்கள் காத்திருந்தார் என்று படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் யுனைடெட் நேஷன் ஆர்க்கெஸ்ட்ராவில் அவர் சேர்ந்ததெல்லாம் கியூபாவை விட்டு வந்த பிறகுதான்.

புதிதாகக் கேட்பவர்கள் 1996-ல் வந்த ‘போர்ட்ரெய்ட்ஸ் ஆஃப் கியூபா’ ஆல்பத்திலிருந்து தொடங்கலாம். கார்லோஸ் ஃபிரான்ஸெட்டியின் இசைக்கோவை, அவசரமே இல்லாத வாசிப்பு. உங்களில் யாராவது அவரை நேரில் கேட்டிருந்தால் எழுதுங்கள். அன்றைக்குக் கிளாரினெட்டைக் கையில் எடுத்தாரா?